ஒரே ரிமோட், பல விமானங்கள்: மாடல் குழப்பத்தை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ரிமோட்டில் பறக்கும் சிறு விமானம் ஒன்றே ஒன்று இருக்கும்வரை ரிமோட்டின் மெனுவுக்குள் யாரும் தலையை விடுவதில்லை. பயிற்சி விமானத்தோடு ஒரு டெல்டா (தனி வால் இல்லாத முக்கோண இறக்கை விமானம்), அப்புறம் ஒரு கிளைடர், யாரோ விற்றுவிட்டுப் போன பழைய ஃபோம் விமானம் என்று பரணில் சேரச் சேரத்தான் விஷயம் புரியும். ஒவ்வொன்றுக்கும் ரிமோட்டில் தனி மாடல், அதாவது அதன் அமைப்புகளைச் சேமிக்கும் தனி இடம், வேண்டும், அந்த மாடல்களுக்குள் ஓர் ஒழுங்கும் வேண்டும். மதுரைப் பக்கம் கண்மாய் வற்றிக் கிடக்கும் மாதங்களில் கூடிப் பறக்கவிடுகிறவர்களிடம் நான் பார்த்தவரை, "சிக்னல் போச்சு" என்று சொல்லப்படும் விபத்துகள் பலவற்றில் சிக்னல் போகவே இல்லை. ரிமோட்டில் வேறு மாடல் திறந்திருந்தது. இல்லையென்றால் சரியான மாடலுக்குள்ளேயே வேறு விமானத்தின் அமைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

கீழே உள்ளவை எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் ஓடும் ரேடியோக்களை, அதாவது ரிமோட்களை, மனதில் வைத்து எழுதியவை: ரேடியோமாஸ்டர் டிஎக்ஸ்16எஸ், பாக்ஸர், பாக்கெட் போன்றவை. விமானத்துக்குள் இருந்து சிக்னலை வாங்கும் ரிசீவர் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் வகை, அதாவது எல்லாரும் சொல்கிற இஎல்ஆர்எஸ். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அதிலும் 20 மாடல் வரை சேமிக்கலாம், ஆனால் பெரும்பாலானோர் முதல் மாடலைத் தாண்டிப் போவதே இல்லை.

எந்த அறிகுறியைப் பார்ப்பதாக இருந்தாலும் முதலில் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். ஒரு நட்டைக் கழற்ற சோம்பல்பட்டு விரலில் தையல் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. 2212 மோட்டாரும் 3 செல் பேட்டரியும் "சின்னதுதானே" என்று நினைக்கிற அளவுக்குச் சின்னவை அல்ல.

"பைண்ட் ஆகியிருக்கிறது, ஆனால் ஒன்றுமே அசையவில்லை"

போன கோடையில் அலங்காநல்லூர் பக்கம் ஒரு கல்லூரிப் பையன் கேட்டது இதுதான். (பைண்ட் என்றால் ரேடியோவையும் ரிசீவரையும் இணைத்துவைப்பது, டெலிமெட்ரி என்றால் விமானம் திருப்பி அனுப்பும் தகவல்.) "அண்ணே, டெலிமெட்ரி வருது, வோல்ட்டேஜ் காட்டுது, ஸ்டிக்க ஆட்டினா மட்டும் ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. ரிசீவர் போயிருச்சா?" ரிசீவரின் விளக்கைப் பார்த்தேன். மூன்று முறை கண் சிமிட்டி, சற்று நின்று, மறுபடி மூன்று முறை. "தம்பி, ரிசீவர் நல்லாத்தான் இருக்கு. நீ வேற மாடல்ல நிக்கிற" என்றேன்.

இஎல்ஆர்எஸ்ஸில் மாடல் மேட்ச் என்று ஒரு பூட்டு இருக்கிறது. ரேடியோவில் ஒவ்வொரு மாடலுக்கும் 0 முதல் 63 வரை ஒரு ரிசீவர் எண் தரலாம். மாடல் மேட்ச் போட்டுவிட்டால் அந்த எண்ணை ரிசீவர் நினைவில் வைத்துக்கொள்ளும். வேறு எண் கொண்ட மாடலைத் திறந்தால் தொடர்பு கிடைக்கும், டெலிமெட்ரி வரும், விமானத்தின் மடல்களை அசைக்கும் சர்வோவுக்கு மட்டும் எதுவும் போகாது. ரேடியோவில் இஎல்ஆர்எஸ் அமைப்புகளைக் காட்டும் லுவா திரையின் தலைப்பில் மாடல் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கையும் தெரியும்.

எனவே சரியான மாடலைத் திறந்து பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால், மாடலை நகலெடுத்தபோதோ புதிதாக உருவாக்கியபோதோ ரிசீவர் எண் மாறியிருக்கும். மாடல் செட்டப் பக்கத்தில் பழைய எண்ணைத் திரும்பப் போடலாம். இல்லையென்றால் விமானத்துக்கு மின்சாரம் கொடுத்துத் தொடர்பு கிடைத்த பிறகு, லுவாவில் மாடல் மேட்சை ஒருமுறை அணைத்து மறுபடி போடுங்கள். புதிய எண் ரிசீவரில் பதிந்துவிடும். மறுபடி பைண்ட் செய்யத் தேவையில்லை. இந்த இடத்தில் அவசரப்பட்டு ரிசீவரைப் பைண்ட் நிலைக்குக் கொண்டுபோய், அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையும் மாற்றி, ஒரு நாள் பறப்பையே கெடுத்துக்கொள்பவர்கள்தான் அதிகம்.

"தவறான மாடலிலும் சர்வோ அசைகிறது"

இதை யாரும் கோளாறாகச் சொல்லிக் கேட்க வருவதில்லை. எல்லாம் வேலை செய்கிறதே, பிறகு என்ன என்று விட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் இந்தப் பட்டியலில் மிக ஆபத்தானது இதுதான்.

ட்ரெய்னரின், அதாவது பயிற்சி விமானத்தின், மாடலைத் திறந்து வைத்து டெல்டாவுக்கு பேட்டரி மாட்டினால் உடனே தெரிந்துவிடும். எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் மடல்) ஸ்டிக்கை இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் அசையும், யாராக இருந்தாலும் நின்றுவிடுவார்கள். ஆனால் வீட்டில் இரண்டு ட்ரெய்னர் இருந்து, ஒன்றின் மாடலில் இன்னொன்றைப் பறக்கவிட்டால்? எலிவேட்டர் சரியாக இருக்கும், மூக்கை இடம் வலம் திருப்பும் ரட்டர் சரியாக இருக்கும், மோட்டார் ஓடும். இறக்கையில் சாய்வைக் கட்டுப்படுத்தும் ஏலரான் மட்டும் தலைகீழாக இருக்கும். கையால் எறிந்ததும் இடப்பக்கம் சாயும், நீங்கள் வலப்பக்கம் ஸ்டிக் கொடுப்பீர்கள், இன்னும் இடப்பக்கம் சாயும். மூன்று வினாடிக்குள் கதை முடிந்துவிடும். ஒன்றுபோல இருக்கும் விமானங்களைத்தான் மிகக் கவனமாகப் பிரித்து வைக்க வேண்டும்.

உங்கள் ரேடியோவில் பூட்டு இருக்கிறதா என்பதை இன்றைக்கே சோதித்துவிடலாம். ப்ரொப்பெல்லர் இல்லாமல், வேண்டுமென்றே வேறொரு மாடலைத் திறந்து, விமானத்துக்கு பேட்டரி மாட்டுங்கள். சர்வோ அசைந்தால் பூட்டு இல்லை. இஎல்ஆர்எஸ் என்றால் ஒவ்வொரு விமானத்தையும் அதன் சொந்த மாடலில் இணைத்து மாடல் மேட்ச் போடுங்கள். ஃப்ரஸ்கை நிறுவனத்தின் டி16 வகை ரிசீவர்களில் பைண்ட் செய்யும்போதே அந்த மாடலின் ரிசீவர் எண் பதிந்துவிடுகிறது. ஆகவே இரண்டு மாடலுக்கு ஒரே எண் இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்தால் போதும். மாடலை நகலெடுக்கும் ஒவ்வொரு முறையும் ரிசீவர் எண்ணைப் போய்ப் பாருங்கள். நகலில் பழைய எண்ணே இருந்தால் பூட்டு இருந்தும் இல்லாத மாதிரிதான்.

உங்கள் ரேடியோவில் இந்த வசதியே இல்லை என்றால், விமானத்தின் இறக்கையில் மாடல் எண்ணை மார்க்கரால் பெரிதாக எழுதுங்கள். பேட்டரி மாட்டும் முன் திரையில் இருக்கும் எண்ணையும் இறக்கையில் இருக்கும் எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். பூட்டு இருந்தாலும் நான் இதைச் செய்யச் சொல்வேன். ரேடியோவின் மாடல் எண், ரிசீவர் எண், இறக்கையில் எழுதிய எண், மூன்றும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இன்னொன்று. ரேடியோவில் சிக்னலை அனுப்பும் இஎல்ஆர்எஸ் மாட்யூலில் பவர், பாக்கெட் ரேட் (வினாடிக்கு எத்தனை முறை அனுப்புவது), டெலிமெட்ரி விகிதம் எல்லாம் ரிசீவர் எண் வாரியாகச் சேமிக்கப்படுகின்றன. "பழைய விமானம் தூரம் போகும், புதுசு போகமாட்டேங்குது" என்று யாராவது சொன்னால், ஆன்டெனாவைப் பார்க்கும் முன் புதிய மாடலைத் திறந்து லுவாவில் பவர் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பழைய மாடலில் நீங்கள் மாற்றி வைத்தது புதிய எண்ணுக்கு வராது.

"பக்கத்தில் இருப்பவர் ரேடியோவை ஆன் செய்தால் என் விமானம் ஆடுகிறது"

2.4 கிகாஹெர்ட்ஸில் இப்படி நடக்கக் கூடாது. நடந்தால் இருவரும் ஒரே பைண்டிங் ஃப்ரேஸ் (ரேடியோவையும் ரிசீவரையும் இணைக்கும் கடவுச்சொல் மாதிரி) வைத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். ஊர்ப் பெயரையே ஃப்ரேஸாகப் போடுவது எல்லாருக்கும் தோன்றுகிற யோசனை. நண்பர் அமைத்துக் கொடுத்த ரேடியோவில் நண்பருடைய ஃப்ரேஸே இருப்பதும் சகஜம். ஒரே ஃப்ரேஸ் என்றால் ரிசீவருக்கு இரண்டு ரேடியோவும் ஒன்றுதான், முதலில் கிடைத்ததோடு ஒட்டிக்கொள்ளும்.

மாடல் மேட்ச் இதற்கு மருந்து ஆகாது. இரண்டு பேருமே முதல் விமானத்துக்கு 1 என்று எண் வைத்திருப்பீர்கள். ஒருவர் ஃப்ரேஸை மாற்றத்தான் வேண்டும். ஊர்ப் பெயர், சொந்தப் பெயர் எதுவும் வேண்டாம், வேறு யாருக்கும் தோன்றாத நீளமான ஒன்றைப் போடுங்கள். மாட்யூலிலும் உங்கள் ரிசீவர்கள் அத்தனையிலும் மாற்ற வேண்டும், ஒரு மாலை நேரம் போகும்.

"த்ராட்டிலை ஏற்றினால் ஏலரான் அசைகிறது"

சேனல் வரிசை, அதாவது ரிசீவரில் எந்த வயர் எந்த எண்ணில் என்பது, மாறியிருக்கிறது. ஏலரான், எலிவேட்டர், த்ராட்டில் (மோட்டார் வேகம்), ரட்டர் என்பது ஒரு வரிசை. த்ராட்டிலில் தொடங்குவது ஸ்பெக்ட்ரம் நிறுவன ரேடியோக்களின் பழக்கம். விற்றவர் ஒரு வரிசையில் வயர் மாட்டியிருப்பார், உங்கள் மாடல் வேறு வரிசையில் இருக்கும். எந்த ஸ்டிக் எந்த சேனலை ஆட்டும் என்று சொல்லும் மிக்ஸ் பக்கத்தில் வரிகளை மாற்றிச் சரிசெய்யலாம்தான். நான் வயரைக் கழற்றி மாட்டச் சொல்வேன். எல்லா விமானத்திலும் மூன்றாவது சேனல் த்ராட்டில் என்று இருந்தால் பிறகு எந்த மாடலிலும் த்ராட்டிலைத் தேட வேண்டியதில்லை. ரேடியோ அமைப்பில் இயல்பு வரிசையை ஒருமுறை தேர்ந்துவிட்டால் புதிய மாடல்கள் எல்லாம் அப்படியே பிறக்கும்.

"டெல்டாவில் எலிவேட்டர் சரி, ஏலரான் தலைகீழ்"

இதில் நிறைய பேர் சர்வோ ரிவர்ஸை மாற்றி மாற்றிப் போட்டுச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒன்றை மட்டும் ரிவர்ஸ் செய்தால் ஏலரான் ஸ்டிக் எலிவேட்டர் வேலையையும், எலிவேட்டர் ஸ்டிக் ஏலரான் வேலையையும் செய்யும். இரண்டையும் ரிவர்ஸ் செய்தால் ஏலரான் சரியாகும், எலிவேட்டர் கெடும். அந்த வழியில் தீர்வே கிடையாது.

விமானத்தின் பின்னால், வால்பக்கம் நின்றுகொள்ளுங்கள், மூக்கு உங்களுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். முதலில் எலிவேட்டரை மட்டும் கவனியுங்கள். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் இரண்டு எலிவானும் (டெல்டாவில் எலிவேட்டர், ஏலரான் இரண்டு வேலையும் செய்யும் மடல்கள்) மேலே வர வேண்டும். எது வரவில்லையோ அதை மட்டும் அவுட்புட் பக்கத்தில் ரிவர்ஸ் செய்யுங்கள். இரண்டும் மேலே வந்தபிறகு அவுட்புட் பக்கத்தைத் தொடவே கூடாது. இப்போது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுங்கள். வலது எலிவான் மேலே, இடது கீழே. அப்படி வந்தால் வேலை முடிந்தது. எதிராக வந்தால் மிக்ஸ் பக்கத்துக்குப் போய் ஏலரான் வரிகள் இரண்டிலும் எடையின் (வெயிட், எவ்வளவு அசைய வேண்டும் என்ற சதவீதம்) குறியை மாற்றுங்கள். பிளஸ் இருந்த இடத்தில் மைனஸ், மைனஸ் இருந்த இடத்தில் பிளஸ். எலிவேட்டர் வரிகளை விட்டுவிடுங்கள். முடிந்தது.

எடைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏலரானுக்கு 100, எலிவேட்டருக்கு 100 என்று வைத்தால் ஸ்டிக்கை மூலைக்கு இழுக்கும்போது கூட்டல் 200 ஆகி சேனல் எல்லையில் முட்டி நிற்கும். அப்போது ஒரு பக்க எலிவான் மேற்கொண்டு அசையாது, திருப்பத்தில் கட்டுப்பாடு பாதிதான் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து 100-ஐ ஒட்டி இருக்கும்படி, 50க்கு 50 என்றோ 60க்கு 40 என்றோ தொடங்குங்கள். அசைவு போதாவிட்டால் சர்வோ கையில் துளையை மாற்றுங்கள்.

இந்தப் பின்னால் நின்று பார்க்கும் பழக்கம் டெல்டாவுக்கு மட்டும் அல்ல. வலப்பக்க ஸ்டிக் என்றால் வலது ஏலரான் மேலே. இழுத்தால் எலிவேட்டர் மேலே. ரட்டர் வலப்பக்கம் என்றால் வலப்பக்கமே. ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் பாருங்கள்.

"இரண்டாவது ஏலரான் நழுவாமல் டக்கென்று குதிக்கிறது"

இரண்டு ஏலரானுக்கு இரண்டு சர்வோ வைத்து, இரண்டாவதை ஐந்தாம் சேனலில் மாட்டியிருப்பீர்கள். பழைய ரேடியோக்களில் அது சரியான பழக்கம். இஎல்ஆர்எஸ்ஸின் ஹைப்ரிட், வைட் என்ற இரண்டு முறைகளிலும் ஐந்தாம் சேனல் ஆன் அல்லது ஆஃப் மட்டும்தான், ட்ரோன்களின் ஆர்ம் ஸ்விட்சுக்காக ஒதுக்கப்பட்டது. சர்வோ நடுவில் நிற்காது. சர்வோ பழுது என்று புதிதாக வாங்கி மாட்டினாலும் இதேதான் நடக்கும். அந்த வயரையும் மிக்ஸையும் ஆறாம் சேனலுக்கு மாற்றி, முறையை வைட் என்று வையுங்கள். ஹைப்ரிட்டில் ஆறாம் சேனலும் ஆறே நிலைகளில்தான் குதிக்கும். ஃபிளாப்பும் அப்படியே, ஐந்தில் வேண்டாம்.

ஐந்தாம் சேனலை எல்லா மாடலிலும் த்ராட்டில் பூட்டு ஸ்விட்சுக்கு விட்டுவிடுவது நல்லது. விமானம், ட்ரோன் இரண்டும் வைத்திருப்பவர்களுக்குக் கை ஒரே இடத்துக்குப் போகும்.

"த்ராட்டில் கட் போட்டால் மோட்டார் நிற்காமல் முழு வேகத்தில் ஓடுகிறது"

இது நடந்தால் பயப்படும்படி இருக்கும், ப்ரொப்பெல்லரைக் கழற்றச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எட்ஜ்டிஎக்ஸில் த்ராட்டில் கட் (மோட்டாரை ஓடவிடாமல் பூட்டும் ஸ்விட்ச்) வைக்கப் பலரும் பயன்படுத்துவது ஸ்பெஷல் ஃபங்ஷனில் உள்ள ஓவர்ரைடு: ஸ்விட்ச் போட்டால் மூன்றாம் சேனல் மைனஸ் 100. அந்த மைனஸ் 100 அவுட்புட் பக்கத்தின் ரிவர்ஸைக் கடந்து நேராக ரிசீவருக்குப் போகும் கடைசி மதிப்பு. மாடலில் த்ராட்டில் சேனல் ரிவர்ஸ் ஆகியிருந்தால் அந்த விமானத்துக்கு மைனஸ் 100 என்பதே முழு வேகம்.

மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி எதற்கும் சாதாரணமாக எட்ஜ்டிஎக்ஸில் த்ராட்டிலை ரிவர்ஸ் செய்யத் தேவை வராது. எங்கிருந்தோ நகலெடுத்த மாடலில் ரிவர்ஸ் இருந்தால் அதை எடுத்துவிட்டு, இஎஸ்சியை மறுபடி கேலிபரேட் செய்யுங்கள். ஓவர்ரைடின் மதிப்பை பிளஸ் 100 என்று மாற்றித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். அடுத்த நகலில் அது வேறு விமானத்துக்குப் போய்ச் சேரும்.

த்ராட்டில் கட் எல்லா மாடலிலும் ஒரே ஸ்விட்சில், ஒரே திசையில் இருக்க வேண்டும். என் விருப்பம் இடது தோள் ஸ்விட்ச், பின்னால் தள்ளியிருந்தால் மோட்டார் ஓடாது. நீங்கள் வேறு ஸ்விட்ச் வைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு விமானத்தில் ஒன்று, இன்னொன்றில் வேறு என்று மட்டும் வேண்டாம். கருவேல முள்ளுக்குள் விழுந்த விமானத்தை எடுக்கக் குனியும்போது விரல் யோசிக்காமல் போகிற ஸ்விட்ச் அது. மாடல் செட்டப்பில் உள்ள பறப்புக்கு முந்தைய சோதனையில் அந்த ஸ்விட்சின் நிலையையும் த்ராட்டில் நிலையையும் சேர்த்துவிடுங்கள். தவறான நிலையில் இருந்தால் மாடல் திறக்கும்போதே ரேடியோ எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறது என்று அணைத்து வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

"புது விமானம் முதல் பறப்பிலேயே மூக்கைக் குத்துகிறது"

எடை மையம் சரியாக இருந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது ட்ரிம். பழைய மாடலை நகலெடுத்துப் புதிய விமானத்துக்குக் கொடுத்தால் பழைய விமானத்தின் ட்ரிம், சப்ட்ரிம் (இரண்டும் மடலின் நடு நிலையைத் திருத்துபவை), எண்ட் பாயிண்ட் (சர்வோ எவ்வளவு தூரம் போகலாம் என்ற எல்லை) அத்தனையும் கூடவே வரும். ட்ரிம்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், சப்ட்ரிம்களையும் பூஜ்யமாக்குங்கள், பிறகு சர்வோவை மடலோடு இணைக்கும் புஷ்ராடைத் திருகி எலிவேட்டரை நேராக்குங்கள்.

எண்ட் பாயிண்ட் செய்யும் கெடுதல் உடனே தெரியாது. ஒரு விமானத்தில் 120 வரை விட்டிருப்பீர்கள். இன்னொன்றில் அந்த அளவுக்குச் சர்வோ கை அசைய இடம் இருக்காது. சர்வோ முட்டிக்கொண்டு உர்ரென்று சத்தம் போடும், சூடாகும், மின்னோட்டத்தை இழுக்கும். மலிவான இஎஸ்சியின் உள்ளே இருந்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பிஇசி அதைத் தாங்காமல் வோல்ட்டேஜ் இறங்கினால் ரிசீவர் நடுவானில் அணைந்து மறுபடி எழும். தரையில் இருந்து பார்ப்பவருக்கு அது "சிக்னல் போச்சு" என்றே தெரியும். எல்லா ஸ்டிக்கையும் மூலைக்குத் தள்ளி வைத்துக் காதை விமானத்தருகே கொண்டுபோய்க் கேளுங்கள். சத்தம் வந்தால் எண்ட் பாயிண்டைக் குறையுங்கள்.

இதற்காகத்தான் எந்த விமானத்துக்கும் சொந்தமில்லாத அடிப்படை மாடல் ஒன்று ரேடியோவில் இருக்க வேண்டும் என்கிறேன். ட்ரிம் எதுவும் இல்லை, எண்ட் பாயிண்ட் 100, ஸ்விட்ச்கள் உங்கள் வழக்கப்படி, த்ராட்டில் கட், டைமர், குரல் அறிவிப்பு எல்லாம் தயார். சாதாரண விமானத்துக்கு ஒன்று, டெல்டாவுக்கு ஒன்று. புது விமானம் வந்தால் இவற்றிலிருந்து மட்டும் நகலெடுங்கள், பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் மாடலிலிருந்து வேண்டாம்.

"பேட்டரி அலாரம் அடிக்கவே இல்லை" அல்லது "அடித்துக்கொண்டே இருக்கிறது"

மாடல் மாறிப்போனதை இந்த அலாரமே காட்டிக்கொடுக்கும். 3 செல் லைப்போ முழுச் சார்ஜில் 12.6 வோல்ட், 4 செல் 16.8. செல்லுக்கு 3.5 வோல்ட்டில் விமானத்தைத் தரையிறக்க வேண்டும் என்று வைத்தால் 3 செல்லுக்கு அலாரம் 10.5, 4 செல்லுக்கு 14. இப்போது 4 செல் விமானத்தை 3 செல் மாடலின் அமைப்போடு பறக்கவிட்டால், 10.5 வரும்போது ஒரு செல்லுக்கு 2.6 வோல்ட்தான் மிச்சம். அலாரம் அடிப்பதற்குள் பேட்டரி செத்திருக்கும். தலைகீழாக, 4 செல் அமைப்பில் 3 செல் பேட்டரி மாட்டினால் முழுச் சார்ஜிலேயே அலறும். அந்த அலறலைப் பொறுக்காமல் அலாரத்தையே எடுத்துவிடுவார்கள், அதுதான் வருத்தம்.

ஒரே விமானத்தில் இரண்டு வகை பேட்டரியும் போடுகிறீர்கள் என்றால் இரண்டு மாடல் வைத்துக்கொள்ளுங்கள், பெயரின் கடைசியில் செல் எண்ணிக்கை இருக்கட்டும். அந்த இரண்டுக்கு மட்டும் ரிசீவர் எண் ஒன்றாக இருக்கலாம், விமானம் ஒன்றுதானே.

அலாரம் எப்போதும் 5 வோல்ட்டைக் காட்டி அடித்தால் அது வேறு விஷயம். உங்கள் ரிசீவர் பிஇசி வோல்ட்டேஜை அனுப்புகிறது, பேட்டரியை அல்ல. பேட்டரியை அளக்கத் தனி வயர் இணைக்கும் வசதி உள்ள ரிசீவராகப் பாருங்கள், அதுவரை டைமரை நம்புங்கள். சென்சாரே காணோம் என்றால், நகலெடுத்த மாடலில் பழைய ரிசீவரின் சென்சார்கள் இருக்கும். அவற்றை அழித்துவிட்டு விமானம் இணைந்திருக்கும்போது புதிதாகத் தேடச் சொல்லுங்கள்.

"மாடல் நிறைய ஆகிவிட்டது, எது எது என்று தெரியவில்லை"

மாடல்01, மாடல்02, மாடல்02 நகல், டெஸ்ட், டெஸ்ட்2. இப்படிப்பட்ட ரேடியோவை வாங்கிப் பார்த்தால் எந்த விமானம் எந்த மாடல் என்று உரிமையாளருக்கே உறுதியாகத் தெரியாது. விழுந்து நொறுங்கிய விமானங்களின் மாடல்களை முதலில் கணினிக்கு நகலெடுத்துவிட்டு ரேடியோவிலிருந்து அழியுங்கள். மீதமுள்ளவற்றுக்கு எண், விமானத்தின் பெயர், செல் எண்ணிக்கை என்ற வரிசையில் பெயரிடுங்கள்: "03 டெல்டா 4எஸ்" என்பது போல. ரேடியோத் திரையில் ஆங்கில எழுத்தில்தான் வரும். வண்ணத் திரை உள்ள ரேடியோக்களில் லேபிள் போட்டு கிளைடர், டெல்டா, ட்ரோன் என்று பிரித்துக்கொள்ளலாம்.

பெயரைத் திரையில் படிப்பதைவிடக் காதில் கேட்பது நல்லது, அதுவும் நம் ஊரில். சித்திரை, வைகாசி வெயிலில் கண்மாய்க்குள் நின்றுகொண்டு அந்தத் திரையைப் படிக்க முடியாது. கையால் நிழல் கட்டி, கண்ணைச் சுருக்கி, ஏதோ ஒரு பெயர் மங்கலாகத் தெரியும். மாடலைத் திறந்ததும் அதன் பெயரைக் குரலில் சொல்லும் வசதி எட்ஜ்டிஎக்ஸில் இருக்கிறது. எஸ்டி கார்டில் சவுண்ட்ஸ் கோப்புறைக்குள் நீங்கள் தேர்ந்த மொழியின் கோப்புறை இருக்கும். அதற்குள் மாடலின் பெயரிலேயே ஒரு கோப்புறை உருவாக்கி, நேம் என்ற பெயரில் ஒரு வேவ் கோப்பை வையுங்கள். மோனோ, 16 பிட், 32 கிலோஹெர்ட்ஸ். குரல் யாருடையதாகவும் இருக்கலாம். "மூணாம் நம்பர், டெல்டா, நாலு செல்" என்று தமிழிலேயே கைபேசியில் பேசிப் பதிந்து மாற்றிக்கொள்ளலாம். மாடலின் பெயரை மாற்றினால் அந்தக் கோப்புறையின் பெயரையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ரேடியோ வாயைத் திறக்காது.

அதேபோல மாடல்ஸ் கோப்புறையில் மாடலின் பெயரில் ஓர் உரைக் கோப்பு வைத்து, செட்டப்பில் சோதனைப் பட்டியலைக் காட்டச் சொன்னால், திறக்கும்போதே உங்கள் குறிப்புகள் வந்து நிற்கும். எடை மையம் எத்தனை சென்டிமீட்டரில், எந்த பேட்டரி, இறக்கைக்கு எத்தனை ரப்பர் பேண்ட் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். கிளைடர் போல எப்போதாவது எடுக்கும் விமானங்களுக்கு இது பெரிய உதவி.

"மாடல்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன"

பதற வேண்டாம். மாடல்கள் எஸ்டி கார்டில் இருக்கின்றன. கார்டு சரியாக உட்காரவில்லையா என்று பாருங்கள். கார்டு பழுதாகியிருந்தால் நகல் இருந்தால்தான் பிழைக்கலாம். ரேடியோவை யுஎஸ்பி சேமிப்பகமாகக் கணினியில் இணைத்து மாடல்ஸ், ரேடியோ என்ற இரண்டு கோப்புறைகளையும் தேதி போட்டு நகலெடுத்து வையுங்கள். ஃபர்ம்வேர் மாற்றும் முன் கட்டாயம். மாற்றிய பிறகு எல்லா மாடலையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பின்னால் நின்று பார்க்கும் சோதனையை மறுபடி செய்துவிட்டுத்தான் பறக்கவிட வேண்டும்.

"ரேடியோவை அணைத்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது"

ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் ரிசீவர் என்ன செய்ய வேண்டும் என்ற ஏற்பாடு, அமையவில்லை. எட்ஜ்டிஎக்ஸின் மாடல் செட்டப்பில் ஃபெயில்சேஃப் போட்டாயிற்றே என்பார்கள். அது டி16 போன்றவற்றுக்குச் செல்லும். இஎல்ஆர்எஸ்ஸில் ஃபெயில்சேஃப் ரிசீவருக்குள் இருக்கிறது, வைஃபை பக்கத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியாக அமைக்க வேண்டும். ஆகவே மாடலை நகலெடுத்தால் இது நகலாகாது. ஃப்ளைஸ்கையிலும் மெனுவுக்குள் போய் நீங்களே அமைக்க வேண்டும்.

சோதிப்பது எளிது. ப்ரொப்பெல்லர் இல்லாமல் மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு ரேடியோவை அணையுங்கள். ரிசீவர் இன்னும் இணைந்திருக்கிறது என்று ரேடியோ கேட்கும், ஆமாம் என்று அணையுங்கள். கண நேரத்தில் மோட்டார் நிற்க வேண்டும், எலிவேட்டரும் ஏலரானும் நீங்கள் சொன்ன நிலைக்கு வர வேண்டும். மோட்டார் நிற்காத விமானத்தைக் கண்மாய்க்கு எடுத்துப்போகாதீர்கள். வற்றிய கண்மாய்க்குள் ஆடு மேய்ப்பவர்கள் இருப்பார்கள், கரையில் வண்டிகள் போகும். ரிசீவரை மாற்றினாலும், அதன் ஃபர்ம்வேரை மாற்றினாலும், சேனல் வயரை இடம் மாற்றினாலும் இந்தச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.